கோளரங்கத்தில் டேப் சிக்கிய நாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்கால் வலியில் தொடங்கி, பிள்ளைகளின் கைபேசியில் போய் நிற்கிறது. 'நம்ம காலத்துல நமக்கு என்னதான் இருந்துச்சு' என்று யாராவது அலுத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போவதில்லை. எனக்கு ஒரு ஏரிக்கரைப் பூங்கா இருந்தது.

திருச்சிக்குத் தெற்கே, மன்னார்புரம் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி நீளமாகக் கிடந்த பூங்கா அது. போன மாதம் மகளோடு போயிருந்தேன். இப்போது வாசலில் கைபேசியைக் காட்டினால் கம்பிக் கதவு தானே திறக்கிறது. மீன்கள் தலைக்கு மேலே நீந்துகின்றன. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். மகள் கோளரங்கத்தின் வட்டக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அம்மாச்சி இங்கதான் வேலை பாத்தாங்களாம்மா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பூங்காவை யார் யோசித்தார்களோ, அவர்களை நான் இன்றைக்கும் மனதில் வாழ்த்துகிறேன். ஊருக்கு ஒரு மூலையில் மியூசியம், இன்னொரு மூலையில் மீன் காட்சி என்று சிதறவிடாமல் எல்லாவற்றையும் ஒரே தண்ணீர்க் கரையில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் புல்தரையில் கல் சிலைகள். மூக்குடைந்த துவாரபாலகர் ஒருவர் வேப்பமரத்தடியில் நிற்பார், அவர் கதாயுதத்தின் மேல் எப்போதும் ஓணான் படுத்திருக்கும். அதைத் தாண்டினால் மியூசியம். பழைய பங்களா ஒன்றைத்தான் மியூசியமாக்கியிருந்தார்கள். அதன் மரத் தரையில் நடந்தால் செருப்பில்லாத காலுக்குக்கூடச் சத்தம் வரும். பிறகு மீன் வீடு. உள்ளே பச்சை வெளிச்சமும் பாசி வாசனையும். அங்கிருந்து படகுத்துறை. இவை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு குட்டி ரயில். கடைசியில், ஏரியைப் பார்த்தபடி, கவிழ்த்துவைத்த வெள்ளைக் கிண்ணம் போலக் கோளரங்கம்.

அந்தக் கோளரங்கத்தின் வாசலில் டிக்கெட் கிழிப்பவள் என் அம்மா.

நீல பார்டர் வைத்த வெளிர் மஞ்சள் புடவைதான் யூனிஃபார்ம். இடுப்பில் ஒரு டார்ச். ஒரு நாளைக்கு நாலு காட்சி. ஆட்களை உள்ளே விட்டு, இருட்டில் தடுமாறுகிறவர்களுக்கு வெளிச்சம் காட்டி இடம் பிடித்துக் கொடுத்து, காட்சி முடியும்வரை கதவோரம் நிற்க வேண்டும். அப்பா மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் வெளியூர். "உங்கம்மாவுக்கு என்ன, நிழல்ல நிக்கிற வேலை" என்பார். அவர் கெட்டவர் இல்லை. எட்டு மணி நேரம் வெயிலில் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு நிழல் பெரிதாகத் தெரிந்தது, அதில் நிற்பது தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை. சாயங்காலம் வந்ததும் அம்மா வெந்நீர் போட்டுக் காலை வாளிக்குள் விட்டு உட்காருவதை ஒரு சொகுசு என்றே நினைத்திருந்தேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார். சனிக்கிழமை பள்ளி இல்லாததால், வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அம்மா என்னையும் கூட்டிப்போவாள். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாக வரும் காற்றுக்கு அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். பூங்காவில் என்னை யாரும் தடுக்கமாட்டார்கள். குட்டி ரயில் ஓட்டியவர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற டிரைவர். கூட்டம் இல்லாதபோது கடைசிப் பெட்டியில் ஏற்றிக்கொள்வார். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய முதலை பாடம் செய்து வைக்கப்பட்டிருந்தது. அதன் கண்களில் ஒன்று மட்டும் நிறம் வேறு. ஒவ்வொரு வாரமும் அது என்னை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று சோதித்துக்கொண்டே இருந்தேன்.

காட்சி இல்லாத இடைவேளையில் அம்மாவும் மியூசியத்துக்கு வருவாள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒட்டியிருக்கும் அட்டையை உதடு அசைய வாசிப்பாள். அம்மா எட்டாவது வரைக்கும் படித்தவள். கோளரங்கத்தில் நட்சத்திரங்களைச் சுழற்றும் இயந்திரத்தை ஓட்டிய ஆபரேட்டரிடம் நின்று எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் உலை கொதிக்கும் நேரத்தில் என் அறிவியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவாள். வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேனா என்று பார்க்கிறாள் என நினைத்து எரிச்சல் படுவேன். அவள் பார்த்தது என் நோட்டை அல்ல என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது.

அந்த வருஷம்தான் ஆறாம் வகுப்புக்கு ஊருக்குள் இருந்த ஒரு கன்னியாஸ்திரிகள் பள்ளியில் சேர்ந்திருந்தேன். இடம் வாங்க அம்மா மூன்று முறை அலைந்தாள். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் அப்பா ஒரு பெரிய தொழிற்சாலையில் என்ஜினியர். முதல் வாரத்திலேயே கேட்டாள்.

"உங்க அம்மா என்ன பண்றாங்க?"

"மியூசியத்துல ஆபீசர்."

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபின் அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்றேன். முதலை எங்கள் அம்மா வாங்கி வைத்தது என்றேன். சனிக்கிழமைகளில் நான் பூங்காவுக்குப் போவதும் ரயிலில் இலவசமாகச் சுற்றுவதும் உண்மைதான் என்பதால், மற்றதும் நம்பும்படி இருந்தது. பெஞ்சுக்காரி எனக்காக இடைவேளையில் பொரி உருண்டை கொண்டுவந்தாள். ஆபீசர் மகளாக இருப்பது எனக்குப் பிடித்துப்போனது.

காலாண்டுப் பரீட்சை முடிந்த ஒரு திங்கட்கிழமை. வகுப்புக்குள் நுழைந்ததுமே பெஞ்சுக்காரி சொன்னாள்.

"நேத்து நாங்க ஏரிக்கரைக்குப் போயிருந்தோம். எங்கப்பாவுக்கு உங்கம்மாவ இன்ட்ரொட்யூஸ் பண்ணலாம்னு கேட்டேன். அவங்க லீவாம்."

நான் சட்டென்று கேட்டேன். "யார் சொன்னாங்க?"

"ஸ்டார் ஷோ வாசல்ல டிக்கெட் கிழிக்கிறாங்களே, அந்த ஆன்ட்டி. உன் பேரைச் சொல்லி, அவங்க அம்மா இங்க ஆபீசர், எங்க இருப்பாங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம், இன்னைக்கு அவங்க லீவும்மான்னு சொன்னாங்க."

அன்று முழுக்க எந்தப் பாடமும் காதில் ஏறவில்லை. வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா தோசை ஊற்றினாள். தலை பின்னிவிட்டாள். பரீட்சை மார்க் எப்போது வரும் என்று கேட்டாள். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். அவள் எதுவுமே கேட்காததால் ஒவ்வொரு ராத்திரியும் மறுநாளைக்குக் கேட்பாளோ என்று பயந்துகொண்டே படுத்தேன்.

அடுத்த வாரம் வகுப்பு ஆசிரியையான சிஸ்டர் கரும்பலகையில் எழுதிப்போட்டார். வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பு ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போகிறது. பெஞ்சுக்காரி என் தொடையைத் தட்டினாள். "இந்தத் தடவை உங்கம்மாவப் பாத்துடலாம்."

காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, போயிட்டு வா. எல்லாப் பிள்ளைங்களும் போறப்ப நீ மட்டும் வீட்டுல இருப்பியா" என்று சொல்லி, புளிச்சாதம் கட்டிக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் வேலைக்குக் கிளம்பிப்போனாள்.

காலையில் மியூசியம், மீன் வீடு, ரயில் எல்லாம் பார்த்தோம். ரயில் ஓட்டியவர் என்னைப் பார்த்துச் சிரித்ததும் பெஞ்சுக்காரிக்கு என் மேல் இன்னும் மதிப்பு ஏறியது. ஆபீசர் அறை என்று எழுதியிருந்த கதவு பூட்டியிருந்தது. பூங்காப் பொறுப்பாளர் எங்கோ கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. வேப்பமரத்தடியில் சாப்பிட்டு முடித்ததும் கோளரங்கத்துக்கு வரிசை போட்டோம்.

வரிசை நகர நகர அம்மாவின் மஞ்சள் புடவை பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு பிள்ளையிடமும் "பாத்துப் போ கண்ணு, படி இருக்கு" என்று சொன்னாள். என் முறை வந்தது. டிக்கெட்டை நீட்டினேன். வாங்கினாள், கிழித்தாள், பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. படி இருக்கு என்றும் சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்குக் கை நீட்டினாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. காலையில் என் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்ட கை அது என்பதுகூட.

விளக்குகள் மெல்ல அணைந்தன. நம் ஊர்க் கோளரங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிமிஷம்தான். கூரை ஓரம் முழுக்க ஊரின் நிழலுருவத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மலைக்கோட்டை, அதன் பின்னால் ராஜகோபுரம், தள்ளி ஒரு தேவாலயத்தின் ஊசிக்கோபுரம், பொன்மலை, ஏரிக்கரைப் பனைமரங்கள். சூரியன் இறங்கி, சிவப்பு வெளுத்து, ஊர் கறுத்து, முதல் நட்சத்திரம் வரும். டேப்பில் ஒரு கனத்த ஆண் குரல், "அன்பார்ந்த பார்வையாளர்களே, எல்லையற்ற பிரபஞ்சத்தின்" என்று ஆரம்பிக்கும்.

அன்றைக்கு அந்தக் குரல் "பிரபஞ்சத்தின்" வரை வந்தது. பிறகு இழுத்தது, கீச்சிட்டது, நின்றது. மேலே நட்சத்திரங்கள், கீழே கும்மிருட்டு. அறுபது பிள்ளைகள். யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். "ஆபரேட்டர் சார், லைட் போடுங்க" என்றார் சிஸ்டர். மேலே இருந்து ஆபரேட்டர், "டேப் சிக்கிக்கிச்சு சிஸ்டர், அஞ்சு நிமிஷம்" என்றார்.

அப்போது கதவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அழாதீங்க கண்ணுங்களா. ஒண்ணும் ஆகல. டேப்புதான் நின்னு போச்சு, நட்சத்திரம் அப்படியேதான் இருக்கு. எல்லாரும் மேல பாருங்க."

அழுகை நிற்கவில்லை என்றாலும் குறைந்தது.

"மலைக்கோட்டை தெரியுதா? அதுக்குப் பின்னாடி கோபுரம் தெரியுதா? கோபுரத்துக்குக் கொஞ்சம் மேல தனியா ஒண்ணு நிக்குது பாருங்க. அதுதான் துருவ நட்சத்திரம். ரொம்பப் பிரகாசம்லாம் கிடையாது. ஆனா அது மட்டும் இடம் மாறாது. மத்ததெல்லாம் அதைச் சுத்திக்கிட்டு வரும். அண்ணே, கொஞ்சம் சுத்திக் காட்டுங்களேன்."

மேலே இயந்திரம் உறுமியது. மொத்த வானமும் மெல்லத் திரும்பியது. அறுபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது.

என் அம்மாவின் குரல்தான். ஆனால் எனக்கே அது அவளுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. வீட்டில் அவள் இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. சப்தரிஷி மண்டலத்தைக் கட்டில் என்றாள், நாலு கால், கட்டிலில் படுத்தவன் போர்வை ஒரு பக்கம் தொங்குகிற மாதிரி மூன்று நட்சத்திரம். பால்வீதியைக் காட்டி, "கோடையில கொள்ளிடத்தப் பாத்திருக்கீங்களா, தண்ணி இல்லாம வெறும் மணலா வெள்ளையா நீளமா கிடக்குமே, அது மாதிரி இருக்கா? ஒவ்வொரு மணலும் ஒரு சூரியன்" என்றாள். யாரும் அழவில்லை.

ஒருத்தி கேட்டாள், "ஆன்ட்டி, பகல்ல இதெல்லாம் எங்க போயிடும்?"

"எங்கயும் போகாதும்மா. இங்கயேதான் இருக்கும். வெயில்ல டார்ச் அடிச்சா தெரியுமா? அது மாதிரிதான்."

ஓரமாக மின்னிய ஒன்றைக் காட்டி, "இதோட வெளிச்சம் அங்கேருந்து கிளம்புனப்போ நீங்க பொறக்கல. நான் பொறக்கல. மலைக்கோட்டை மேல கோயிலும் கட்டல. அவ்வளவு தூரம் நடந்து வந்து இப்பதான் உங்க கண்ணுல விழுது. அதனால சும்மா பாத்துட்டுப் போயிடாதீங்க, நல்லாப் பாருங்க" என்றாள்.

ஆபரேட்டர் டேப்பைச் சரிசெய்துவிட்டார் என்று நினைக்கிறேன். பாதியில் ஒரு முறை டொக்கென்று சத்தம் கேட்டது. ஆனால் அவர் அதைப் போடவில்லை. அம்மா சொல்லச் சொல்ல வானத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிழக்கே ஏரிக்கரைப் பனைமரங்களுக்குப் பின்னால் வெளுத்தது. சூரியன் வந்தது. விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள். கதவோரம் யாரும் இல்லை. அம்மா வெளியே போய்க் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

பெஞ்சுக்காரி என் கையைப் பிடித்தாள். "பேசுனது உங்கம்மாதானே? ஆபீசர்தானே இவ்வளவு தெரிஞ்சு பேச முடியும்."

"ஆமா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. உண்மையும் முழுசாக இல்லை. அது சிஸ்டர் காதிலும் விழுந்துவிட்டது.

"உங்க அம்மாவா பேசினாங்க? எங்க இருக்காங்க, நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆபீசர் அறைக்குப் போய்விட்டார் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். வெளியே, வெயிலில், அம்மா ஒரு சின்னப் பெண்ணைப் படியில் கைப்பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். நான் நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"இவங்கதான் சிஸ்டர்."

அம்மா என்னைப் பார்க்காமலேயே சிஸ்டரிடம் சிரித்தாள். "பாப்பா வேற யாரையோ நெனச்சுக்கிட்டு சொல்லுது சிஸ்டர். நான் இங்க டிக்கெட் கிழிக்கிறவ. பிள்ளைங்க அழுதுச்சேன்னு நாலு வார்த்தை பேசினேன், அவ்வளவுதான். அவங்க அம்மா ஆபீஸ்ல—"

"அம்மா" என்றேன்.

அவள் நிறுத்தினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "இவங்கதான் எங்கம்மா. ஆபீசர் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

முதலில் பேசியது பெஞ்சுக்காரி. "அன்னைக்கு லீவுன்னு சொன்னீங்களே ஆன்ட்டி."

"ஆமாம்மா," என்றாள் அம்மா, "அன்னைக்கு ஆபீசர் லீவுதான்."

சிஸ்டர் சிரித்து நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று சிரித்தார். பிறகு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நான் பதினெட்டு வருஷமா பாடம் எடுக்கறேன். துருவ நட்சத்திரத்தை இப்படிச் சொல்லணும்னு எனக்குத் தோணல" என்றார். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகளை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, அப்படியே வைத்திருக்கவும் கூச்சம். கண்கள் மட்டும் நிறைந்திருந்தன.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்திலிருந்து திரும்பிய பொறுப்பாளர் விஷயத்தைக் கேட்டு அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். எட்டாவது படித்தவள் அறிவியல் பேசினால் தப்பாகப் பேசியிருப்பாள் என்று அவருக்குப் பயம். சிஸ்டர் எழுதிய நன்றிக் கடிதம் வந்தபின் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பதவி உயர்வு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசிவரை டிக்கெட்தான் கிழித்தாள். ஆனால் அதன்பின் அந்த டேப் அடிக்கடி சிக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நாட்களில் கட்டாயம் சிக்கியது. ஆபரேட்டரிடம் காரணம் கேட்டால், "பழைய டேப் சார்" என்பார். பெஞ்சுக்காரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஒரு காகிதத்தில் ஏழெட்டுக் கேள்விகள் எழுதி, உங்கம்மாகிட்ட கேட்டு வா என்று நீட்டினாள். அம்மா ஆறுக்குப் பதில் சொன்னாள். மற்றதற்கு, தெரியாது, கேட்டுச் சொல்றேன் என்றாள்.

டேப் சிக்கிய அன்று சாயங்காலம் சிஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அம்மாவோடேயே பஸ்ஸில் வீடு திரும்பினேன். கூட்டம் குறைவாக இருந்தது. மன்னார்புரம் போனது, சத்திரம் பஸ் நிலையமும் போனது. மலைக்கோட்டை ஜன்னலில் வந்து போனது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"என் மேல கோவமாம்மா?"

"இல்ல."

"டிக்கெட் கிழிக்கிறப்ப என்னைப் பாக்கவே இல்லையே."

"பாத்தா சிரிச்சிருப்பேன்டி" என்றாள். "அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சு போயிருக்கும்."

காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியது. வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்கிறவள் அன்று மூடவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதிப் பாலம் தாண்டியபின், ரொம்ப நேரமாக யோசித்து வைத்திருந்ததைக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஆபீசருக்கு உக்கார நாற்காலி வெச்சிருந்தியா?"

நான் தலையாட்டினேன். "சுத்துற நாற்காலி."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, நாங்கள் இறங்க வேண்டிய இடம் வரும்வரைக்கும் சிரித்தாள்.